எலி சொன்ன சாட்சி

ஆசிரியை தாட்சாயணிக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் ஆராய்ச்சி படிக்க வந்த பொன்னுலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்துக் கொடுத்த மனுஷன்.

வந்த அன்றே கேட்டார்.

“மனச்சோர்வு மாத்திரை உள்ளே போய் என்ன பண்ணுது மேடம்?”

“சாப்பிடறவங்களைக் கேளுங்க சார்.”

“கேட்டாச்சு. வீட்டுக்காரி ஒரு வருஷமாச் சாப்பிடறா. எப்படிம்மா இருக்குன்னா, தேவலைங்கறா. நிஜமாவே தேவலையா, என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாளா, தெரியல. எலி யாருக்காகவும் பொய் சொல்லாதில்ல?”

ஆசிரியை பத்து எலிகளைக் கொடுத்தார்.

பெட்டிக்குள் இரண்டு லீவர். அந்த மருந்தை ஊசியில் போட்ட நாளில் இடது லீவரை அழுத்தினால்தான் தீனி விழும். வெறும் உப்புத்தண்ணீர் போட்ட நாளில் வலது. ஊசியில் என்ன இருந்தது என்று எலிக்கு யார் சொல்வது? உடம்புக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று அதற்கே பட்டால் இடது பக்கம் போகும். படாவிட்டால் வலது பக்கம்.

ஐந்து மாசம் பொன்னுலிங்கம் எலிகளைப் பழக்கினார். ஊசி போட்டதும் அவரே, எழுதிவைத்ததும் அவரே.

பரீட்சை நாள் வந்தது. ஐந்து எலிக்கு மருந்து பாட்டிலிலிருந்து, ஐந்துக்கு உப்புத்தண்ணீர் பாட்டிலிலிருந்து. மருந்து ஐந்தும் இடது பக்கம். மற்ற ஐந்தும் வலது பக்கம்.

பொன்னுலிங்கம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“பத்துக்குப் பத்து மேடம்! எங்க வீட்டுல ஒருத்தனும் வாங்காத மார்க்கு! மருந்து உள்ளே போறது அதுங்களுக்குத் தெரியுது. இன்னைக்கே போய் அவகிட்ட சொல்லப்போறேன்.”

“உக்காருங்க சார். காலையில ரெண்டு பாட்டிலையும் நான்தான் நிரப்பினேன்.”

“சரி.”

“ரெண்டுலயும் உப்புத்தண்ணி.”

பொன்னுலிங்கம் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு சொட்டு மருந்துகூட இல்லாமலா?”

“இல்லாமத்தான்.”

“அப்புறம் அதுங்களுக்கு யாரு சொன்னா?”

ஆசிரியை ஒரு எலிக்கூண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஊசியில்லாத வெறும் குழலை அவர் கையில் கொடுத்தார்.

“உப்புத்தண்ணி போடற மாதிரி பண்ணிக் காட்டுங்க.”

எலியை எடுத்தார், குழலை வைத்து அழுத்தினார், விட்டார்.

“இப்ப மருந்து.”

எடுத்தார். அவர் கட்டைவிரல் எலியின் பிடரியை ரெண்டு தரம் தடவிக் கொடுத்தது. அப்புறம்தான் குழல் போனது.

“எதுக்கு சார் தடவினீங்க?”

“நான் எங்க தடவினேன்?”

“மறுபடி பண்ணுங்க.”

மறுபடியும் தடவியது. இந்தத் தரம் அவரே பார்த்துவிட்டார். சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். எலி மேசை விளிம்புவரை ஓடியது. ஆசிரியைதான் பிடித்தார்.

“மருந்து எரியுமே, பாவம்னு...” ஐந்து மாச நோட்டைப் புரட்டினார், மூடினார்.

“நாளையிலிருந்து ஊசி நான் போடறேன்,” என்றார் ஆசிரியை. “பாட்டிலை வேற ஆள் நிரப்பட்டும். எதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரிய வேண்டாம்.”

பொன்னுலிங்கம் வெறும் குழலை மேசையில் வைத்தார்.

“வீட்டுல அவளுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறதும் நான்தான் மேடம். அதையும் வேற ஆள்கிட்ட விட்டுடட்டுமா?”

“அய்யோ சார்! அங்க மாத்திரையையும் நிறுத்தாதீங்க, கையையும் எடுத்துடாதீங்க.”