நீர்ப்பூச்சி ஓரிடத்தில் நிற்காதது ஏன்

அந்தக் காலத்தில், பூச்சி புழுவெல்லாம் வாய்விட்டுப் பேசிய நாளில், நீர்ப்பூச்சிகள் இப்போதுபோல் குளமெல்லாம் அலைந்து திரிந்ததில்லை. வைத்த இடத்தில் இருக்கும். அவ்வளவு நல்ல பிள்ளைகள்.

ஒரு தாமரைக் குளத்தில் சிலம்பாயி என்ற நீர்ப்பூச்சி இலையோரம் முட்டையிட்டுக் காவல் நின்றாள். அவள் புருஷன் நெடுங்காலன் சற்றுத் தள்ளி நின்று, காலால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருப்பான். அந்த அலை அவள் பாதத்தில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. அலை நின்றால் மீன்கொத்தி வந்துவிட்டது, ஓடு என்று பொருள். அதுதான் அவர்கள் குல வழக்கம்.

ஒருநாள் கொழுந்தன் இளங்காலன் உதவிக்கு வந்தான்.

"நானும் தட்டுறேன் மதினி. ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா உங்களுக்கும் தெம்பு."

இலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். அண்ணன் கால் விழும்போதே தம்பி காலும் விழுந்தது. இம்மி பிசகவில்லை. அதில் இருவருக்கும் பெருமை வேறு.

சிலம்பாயியின் பாதத்துக்கடியில் தண்ணீர் அசையவே இல்லை. புருஷன் போய்விட்டான் என்றே நினைத்து, அழுதபடி நாணலுக்குள் ஓடினாள். வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தால், இருவரும் அதே இடத்தில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். காவலில்லாத முட்டைகளைத்தான் கெண்டைக் குஞ்சுகள் தின்று தீர்த்திருந்தன.

"ஏங்க நிறுத்துனீங்க?"

"எங்க நிறுத்தினேன்? கால் கடுக்கத் தட்டிக்கிட்டுத்தானே நிக்கிறேன்," என்றான் நெடுங்காலன்.

அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. மறுபடி தட்டச் சொல்லி, பழைய இடத்தில் நின்று பார்த்தாள். அசைவில்லை. ஓரடி நகர்ந்தாள், தண்ணீர் இருமடங்கு குதித்தது. திரும்பி வந்து, கொழுந்தனை மட்டும் நிறுத்தச் சொன்னாள். அலை ஒழுங்காக வந்தது. அவனை வேறு வேகத்தில் தட்டச் சொன்னாள். தண்ணீர் அசைந்தது, அடங்கியது, திரும்ப அசைந்தது.

"என் அலை தூக்குற நேரம் உன் அலை இறக்குதோ என்னமோ," என்றான் நெடுங்காலன்.

"ஒண்ணாத்தானேண்ணே காலை வைக்கிறோம்."

"ஒண்ணாக் கிளம்பினாலும் வந்து சேர்ற தூரம் வேறல்லவா," என்றாள் சிலம்பாயி. சொன்ன அவளுக்கே அது சரியாக விளங்கவில்லை. இருவருமே தட்டினார்கள், அவளும் வழக்கப்படிதான் ஓடினாள். பிள்ளைகள் போனதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அன்று முதல்தான் நீர்ப்பூச்சி ஓரிடத்தில் நிற்பதில்லை. காலடியில் தண்ணீர் அசையாவிட்டால், எல்லாம் போயிற்று என்று முடிவு கட்டுமுன் ஓரடி தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறது.