பகாத பதின்மூன்று

மலையடிவாரப் புல்வெளி ஒன்றில் பதின்மூன்று காட்டுமாடுகள் வாழ்ந்தன. பன்னிரண்டு பெரியவை. ஒன்று, அப்போதுதான் புல் கடிக்கத் தொடங்கிய கன்று.

அந்த ஆண்டு கோடை கடுமை. புல் குறையக் குறையச் சண்டை வளர்ந்தது.

"என் பங்கை நீ மேய்ந்துவிட்டாய்!" என்று முட்டியது ஒரு மாடு.

"புல்லில் உன் பேரா எழுதியிருக்கிறது?" என்று திருப்பி முட்டியது இன்னொன்று.

தலைமைக் காளையான திமிலன் அதட்டியும் யாரும் அடங்கவில்லை.

புதர் மறைவில் இருந்து இதைப் பார்த்தது செம்பன் என்ற செந்நாய். அதன் கூட்டம் மூங்கில் காட்டுக்குள் பசியோடு பதுங்கிக் கிடந்தது. சேர்ந்து நிற்கும் காட்டுமாடுகளை நெருங்க அவற்றுக்குத் துணிவில்லை. செம்பன் மட்டும் தனியாக, பணிவாக வந்தது.

"அண்ணா, ஏன் இந்த வம்பு? சமமான குழுக்களாகப் பிரிந்துகொள்ளுங்கள். குழுவுக்கொரு பள்ளத்தாக்கில் மேயுங்கள். எந்தக் குழுவிலும் ஒரு வாய் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அதுதான் நியாயம்!"

மாடுகளுக்கு அது பிடித்துவிட்டது.

முதலில் இரண்டாகப் பிரிந்தன. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. நடுவில் கன்று மிஞ்சியது.

"இங்கே வராதே! எங்களுக்குப் புல் குறையும்!" என்றன இரு பக்கமும்.

மூன்று குழுவாக நின்று பார்த்தன. கன்று மிச்சம். நான்கு குழுவாக நின்றன. அப்போதும் கன்று மிச்சம். ஐந்தாகப் பிரிந்தபோது கன்றோடு இன்னும் இரண்டு மாடுகள் வெளியே நின்றன.

"ஐயோ, இது இன்னும் மோசம்!" என்று கலைந்து, இரண்டிரண்டாகச் சேர்ந்தன. கன்று மறுபடி தனியே நின்று "அம்மா!" என்று கத்தியது.

"கவலை வேண்டாம்," என்றது செம்பன். "மிஞ்சியதை என்னிடம் விடுங்கள். என் குட்டிபோலப் பார்த்துக்கொள்கிறேன்!"

கன்றின் தாயான வெண்காலி செம்பனை உற்றுப் பார்த்தது. செம்பனின் வாயில் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. வெண்காலி தன் இணையை விட்டு ஓடிவந்து கன்றை ஒட்டி நின்றது.

"எப்படிப் பிரித்தாலும் என் பிள்ளைதான் மிச்சமா? அப்படியானால் நானும் மிச்சம்தான்!"

செம்பனுக்குப் பொறுமை போயிற்று. "சரி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையாகப் போங்கள்! மிச்சமே வராது!"

திமிலனுக்குச் சுருக்கென்றது. "தனித்தனியாகவா? எதற்கு, எங்களை ஒவ்வொன்றாகத் தின்னவா?"

"மிச்சம் வராத வழி இன்னொன்றும் உண்டு அண்ணா," என்றது வெண்காலி. "பதின்மூன்றும் ஒரே கூட்டம்!"

மாடுகள் வெட்கத்தோடு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு கன்றை நடுவில் விட்டு, கொம்புகள் வெளியே பார்க்க வட்டமாக நின்றன.

செம்பன் சீழ்க்கை அடித்தது. செந்நாய்கள் மூங்கில் காட்டிலிருந்து பாய்ந்து வந்தன. எந்தப் பக்கம் போனாலும் கொம்பு! திமிலன் முட்டிய முட்டில் செம்பன் முட்புதரில் போய் விழுந்தது. மற்றவை வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின.

மழை வரும்வரை பதின்மூன்றும் சேர்ந்தே பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக மேய்ச்சல் தேடி நடந்தன. எல்லாம் கொஞ்சம் மெலிந்தன. ஆனால் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மிச்சமின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பார்கள், பதின்மூன்று அப்படிப்பட்டது. அதுபோல் பகாமல் நிற்பவர்களைப் பகை வெல்லாது.