முதல் கட்டை யாருக்கு?

முன்னொரு காலத்தில் குன்றையூர் நாட்டை வெண்கொடையான் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் கொடுத்த பரிசை மாலையில் பிடுங்குகிற ஆள்.

அந்த ஊரில் தேரோடும் வீதி சரியான சரிவு. சரிவின் அடியில் தெப்பக்குளம். தேரை இழுக்க ஊரே வரும். நிறுத்த வேண்டியவர்கள் முட்டுக்கட்டைக்காரர்கள். உருள்கிற சக்கரத்தடியில் புளியங்கட்டையைச் செருக வேண்டும். முந்தினால் கை போகும், பிந்தினால் தேர் போகும்.

அந்த வேலை விழா அதிகாரி சேனாவரையரின் சொந்தபந்தங்களுக்கே பரம்பரைப் பாத்தியதை. போன வருஷம் தேரை நெற்களஞ்சியத்துக்குள் விட்டவர்களும் அவர்கள்தாம்.

மந்திரி சாத்தனார் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஊருக்கு வெளியே ஒரு சரிவில் பயிற்சிப் பட்டறை வைத்தார். மணல்மூட்டை ஏற்றிய சின்னத் தேர் ஒன்று. கல்லுடைக்கும் குழியை மூடிவிட்டதால் வேலையற்று நின்ற நாற்பது பெண்களைக் கூப்பிட்டுப் பத்து மாதம் பழக்கினார். அதில் கைதேர்ந்தவள் பூவாடை. புருஷனைப் பாறைக்குக் கொடுத்தவள். வீட்டில் மூன்று வயிறு.

திருவிழா வந்தது. சபையில் சேனாவரையர் குதித்தார்.

“கல்லுடைத்த கழுதைகளா மகாராஜா உங்கள் தேருக்குக் கட்டை போடுவது?”

“கழுதை சுமை அறியும் ஐயா,” என்றார் மந்திரி.

ராஜா சிரித்தான். சிரித்தால் ஆபத்து.

“வலச் சக்கரம் அவர் ஆட்களுக்கு. இடது உன் பெண்களுக்கு. தேரில் நானே உட்காருவேன். இடது பிசகினால் பட்டறைக்குப் பூட்டு, நாற்பது பேரும் நாட்டைவிட்டு நடையைக் கட்ட வேண்டும்.”

மந்திரிக்குப் பின்னால் நின்ற பூவாடை முன்னால் வந்தாள்.

“மகாராஜா, பெரியவரும் தேரில் வரட்டும். எந்தப் பக்கம் வேண்டுமோ உட்காரட்டும்.”

“வலப் பக்கம்தான்! என் ஆட்கள் தலைக்குமேலே!” என்று மீசையை முறுக்கினார் சேனாவரையர்.

தேர் புறப்பட்டது. மேட்டு வீதியில் வம்பில்லை. சரிவு தொடங்கியதும் வடம் தொய்ந்தது. இழுத்தவர்கள் சிதறி ஓடினார்கள். இனி எல்லாம் கட்டைதான்.

இடது சக்கரத்தில் பூவாடை குனிந்தாள். கட்டையைச் செருகினாள். சக்கரம் நறநறத்தது. அடுத்தவள் அடுத்த கட்டை.

வலப் பக்கத்தில் ஒரு கட்டையும் விழவில்லை! எட்டிப் பார்த்தாள். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருவர் சண்டை.

“முதல் கட்டை பெரிய வீட்டு உரிமை!”

“உன் பாட்டன் காலத்தோடு போச்சுடா அது!”

ஒரு பக்கம் மட்டும் பிடித்ததில் தேர் இடப்புறம் திரும்பியது. சாய்ந்தது. மேலே கலசம் ஆடியது. குளத்துப் படி தெரிந்தது. இவள் கட்டையை எடுத்தால் தேர் நேரே தண்ணீருக்குள். எடுக்காவிட்டால் கவிழும்.

மேலிருந்து ஒரு அலறல்.

“பூவாடை! தாயே! இந்தப் பக்கம் வா!”

சேனாவரையர்தான்.

பட்டறையில் முதல் பாடமே அதுதான்: தேருக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் கட்டையோடு சும்மா வர வேண்டும்.

“வலப்பக்கம் ஓடுங்கடி!” என்று கத்தினாள்.

நால்வரும் பாய்ந்தார்கள். சண்டைக்காரர்களை இடித்துத் தள்ளினார்கள். ஒரு கட்டை நொறுங்கியது. இரண்டாவது நின்றது. மூன்றாவதில் தேர் முனகி, நிமிர்ந்து, நின்றது. குளத்துக்கு ஒரு முழம்.

ராஜா இறங்கினான். தேர்ச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“சேனாவரையரே, உம் மச்சான் நேர் கீழே நின்றானே. அவன் பேர் மறந்துவிட்டதோ?”

பிறகு ராஜா பூவாடை பக்கம் திரும்பினான்.

“ஏனம்மா, இதற்குத்தான் இவரை ஏற்றச் சொன்னாயா?”

“சபையில் வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும் மகாராஜா. சரிவில் உண்மைதான் சொல்லும்.”

ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னான். நாற்பது பேருக்கும் அரண்மனை வேலை. இனிப் பட்டறையில் தேறியவருக்கே கட்டை, பரம்பரைக்கு இல்லை. சேனாவரையரின் ஆட்களும் அங்கே போய்ப் படிக்கலாம். சேனாவரையர் கட்டாயம் படிக்க வேண்டும்.

மறுநாள் காலை அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். தலைப்பாகை இல்லை. சின்னத் தேரைப் பார்த்தார், பூவாடையைப் பார்த்தார்.

“இங்கே முதல் கட்டை யார் போடுவது?”

“சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்,” என்றாள் பூவாடை. “குனியுங்கள் ஐயா.”