முப்பத்திரண்டில் அடங்கிய குரல்

மரியபுஷ்பத்தை யாராவது குரு என்று சொன்னால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். தூத்துக்குடியில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையின் மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. பழைய கேசட்டுகளைச் சட்டைப்பைக்குள் அடங்கும் எம்பி3 பிளேயருக்கு மாற்றிக் கொடுப்பது தொழில். கல்யாணக் கேசட், கோயில் கொடை வில்லுப்பாட்டு, ஜெபக்கூட்டப் பிரசங்கம் எல்லாம் வரும். வேலை சுத்தமாக இருக்கும். பேச்சில் மட்டும் சர்க்கரை போட மாட்டாள்.

ஆனாலும் அவளுக்கு ஒரு சீடர் வாய்த்தார். பெயர் குற்றாலிங்கம். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்து ஊர் திரும்பியவர். அவளைவிட இருபது வயதாவது மூத்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

அண்ணாச்சி ஞானம் தேடி மாடி ஏறவில்லை. அவரிடம் ஒரு பை நிறையக் கேசட் இருந்தது. மனைவி பிரம்மசக்தி மஸ்கட்டுக்குப் பேசி அனுப்பியவை. கடிதம் எழுத வராத வீடுகளில் அப்போது அதுதான் கடிதம். அவர் திரும்பி வருவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். திடீரென்று போய்விட்டாள் என்று போனில் சொன்னார்கள். அவரும் கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லி வந்தார்.

அவள் தனக்காகப் பேசியதை இன்னொரு காது கேட்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் பிடிவாதம்.

"அப்போ நீங்களே மாத்திக்கிடுங்க, அண்ணாச்சி. சொல்லித் தாரேன்" என்றாள் மரியபுஷ்பம்.

அப்படித்தான் சீடரானார். கேசட்டை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, அதைச் சுருக்கிப் பிளேயரில் போடுவது எல்லாம் பழகிக்கொண்டார். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அவர் சத்தத்தை வைத்துக் கேட்டதில்லை. டீச்சர் காதில் விழுந்துவிடுமே.

சுருக்கும் நாள் வந்தது.

"ம், டீச்சர், இந்த பிளேயர்ல இடம் கம்மி. எல்லாக் கேசட்டும் அடங்கணும். சுருக்குத எண்ணு எத்தனை வைக்கணும்?"

எதைச் சொல்வதற்கு முன்பும் ஒரு 'ம்' போடுவது அவர் பழக்கம்.

"எண்ணு கொறஞ்சா இடம் மிச்சம். ஆனா மெஷின் கொஞ்சத்தைத் தள்ளிரும்."

"எதைத் தள்ளும்?"

கீழே கடையில் ஒரு மிக்ஸியைப் போட்டுப் பார்த்தார்கள். மாடித் தரையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் மரியபுஷ்பத்தின் வாய் அசைந்தது. மிக்ஸி நின்றது.

"நான் என்ன சொன்னேன்?"

"கேக்கலயே டீச்சர்."

"அதைத்தான் தள்ளும். பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல இருக்க சின்னச் சத்தம் மனுஷனுக்குக் கேக்காதுன்னு அதுக்குத் தெரியும்."

"ம், கேக்காதது போனா என்ன? போகட்டும்."

"நான் சொன்னது என்னன்னு தெரிய வேண்டாமா?"

"முக்கியம்னா நீங்களே திருப்பிச் சொல்லுவீங்கல்லா."

அவள் திருப்பிச் சொல்லவில்லை.

அண்ணாச்சி இருப்பதிலேயே சின்ன எண்ணாக முப்பத்திரண்டை வைத்தார். அத்தனை கேசட்டும் அந்தத் தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. சந்தோஷமாகப் படி இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியான வேளையில் மறுபடி ஏறி வந்தார். சவரம் செய்யவில்லை. பிளேயரைச் சட்டைப்பையில் வைக்காமல் கையிலும் பிடிக்காமல், ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"டீச்சர், இதுல பேசுதது அவ இல்ல."

"கேசட் மாறிப்போச்சா?"

"சொல்லுதது எல்லாம் அவ சொன்னதுதான். ஆடு குட்டி போட்டது, ஓடு மாத்தினது, ஒண்ணும் விடல. ஆனா வேற ஒருத்தி எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு வந்து என் காதுகிட்ட ஒப்பிக்க மாதிரி இருக்கு."

"எதை வச்சுச் சொல்லுதீங்க?"

"மூச்சு விடமாட்டேங்கா டீச்சர்."

மரியபுஷ்பம் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"பீச் ரோட்டுல கேட்டுக்கிட்டே நடப்பேன். பேசிக்கிட்டே இருக்கா. நடுவுல ஒரு மூச்சு இல்ல. இப்ப இழுப்பா, இப்ப இழுப்பான்னு நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். இழுக்க மாட்டேங்கா. நேத்து தலை சுத்தி உப்பளத்து ஓரமா உக்காந்துட்டேன். அப்பவும் பேசிக்கிட்டே இருந்தா."

இதை அவர் சொன்ன விதத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. பட்டப்பகலில் அந்த அறையில் குளிர்ந்தது.

"அவ மூச்சு எங்க போச்சு டீச்சர்?"

"நீங்க வச்ச எண்ணு தள்ளிருச்சு."

"தள்ளினது எங்க போகும்?"

"எங்கயும் போகாது. எடுக்கலாம். கேக்கணுமா?"

"கேக்கணும்."

"கேட்ட பெறவு கேக்காத மாதிரி இருக்க முடியாது, அண்ணாச்சி."

"அவ மூச்சுதான? அதுல என்ன பயம்?"

மரியபுஷ்பம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கேசட்டிலிருந்து ஏற்றிய முழுக் குரலையும், முப்பத்திரண்டில் சுருக்கிய குரலையும் ஒன்றின்கீழ் ஒன்றாக மயிரிழை பிசகாமல் வைத்தாள். கீழே இருந்ததைத் தலைகீழாகப் புரட்டினாள். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால், இரண்டிலும் ஒன்றாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழிந்துவிடும். மிஞ்சுவது மெஷின் தள்ளியது மட்டும்.

"உங்க வீட்டுக்காரி சமாச்சாரம். நான் வெளிய நிக்கேன்" என்று ஹெட்போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

முதலில் முறத்தில் மணல் புடைப்பதுபோல ஒரு சத்தம். பேச்சே இல்லை. பேச்சு இருந்த இடமெல்லாம் பொத்தல் பொத்தலாக இருந்தது. பொத்தலுக்கும் பொத்தலுக்கும் நடுவில் மூச்சு வந்தது. இழுத்து, நிறுத்தி, விடுகிற மூச்சு. வார்த்தை ஒன்றும் இல்லாத பிரம்மசக்தி. அவர் காதுக்குப் பின்னால் சூடு பட்டது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் தாடையில் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

அப்போது ஒரு ஆண்குரல் சொன்னது.

"ம்."

ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முட்டை அட்டைகள் இருந்தன. சாத்திய கதவு இருந்தது. வேறு யாரும் இல்லை. மறுபடி காதில் வைத்தார். மூச்சு வந்தது. "ம்." இன்னொரு மூச்சு. "ம்... ம்."

அவள் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து ம் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு கேசட்டின் ஆரம்பத்திலும் பிரம்மசக்தி ஒன்று சொல்வாள். கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா உக்காந்து பேசுதேன் என்பாள். அதை நம்பித்தான் ஒரு மனுஷன் பாலைவனத்தில் அத்தனை வருஷம் கிடந்தான்.

அண்ணாச்சி கதவைத் திறந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவ தனியா பேசல டீச்சர். ஒரு ஆம்பள கூட இருக்கான். அவ பேசப் பேச ம் கொட்டுதான்."

மரியபுஷ்பமும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"போனவளைப் பத்தி இதைத் தெரிஞ்சுக்கிடத்தானா இந்தப் படி ஏறுனேன்?"

"நான் கேக்கலாமா, அண்ணாச்சி?"

அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

அவள் உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கேட்டாள். கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். பிறகு கழற்றிவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இந்தக் கேசட் எல்லாம் அவங்க புதுசா வாங்கிப் பேசினதா?"

"ம், அவ புதுசுக்கு எங்க போக? நான் பேசி, ஊருக்கு வார ஆள்கிட்டக் கொடுத்துவிடுவேன். அவ கேட்டுட்டு அதுமேலயே பேசி அனுப்புவா. அதை நான் அழிக்காம வச்சுக்கிட்டு, அடுத்ததுக்கு அங்க புதுசு வாங்கிப் பேசுவேன். அப்படித்தான் போச்சு."

"வீட்டுல அவங்க வச்சிருந்த டேப் ரிக்கார்டர்?"

"அவ அண்ணன் கொடுத்தது. ஓட்டை டேப்பு."

"ஓட்டை டேப்பு முந்தி இருந்ததை முழுசா அழிக்காது, அண்ணாச்சி. கொஞ்சம் அடியில தங்கிரும்."

அண்ணாச்சி எழுந்து வந்தார். ஹெட்போனை மாட்டினார். மரியபுஷ்பம் சத்தத்தைக் கூட்டினாள்.

"ம்... அப்புறம், நீ நல்லாத்தான் இருப்ப. அதை விடு, இங்க நடந்ததைக் கேளு..."

"நான்தான்!" என்று கத்தினார் அண்ணாச்சி. "டீச்சர், நான்தான்! எவனோன்னு நெனச்சேன், அது நான்தான்!"

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கைக்குட்டையை உருவி முகத்தை அழுத்தித் துடைத்தார். "பாவி, அவளைப் போயிச் சந்தேகப்பட்டேனே. அவளைப் போயி."

மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. ஹெட்போனை வாங்கக் கையை நீட்டினாள்.

"போதும், அண்ணாச்சி. கழட்டுங்க. பெரிய எண்ணு வச்சு மறுபடி மாத்திருவோம். மூச்சு வந்துரும்."

"இருங்க டீச்சர். இன்னும் கொஞ்ச நேரம் அவகூட இருந்துக்கிடுதேன்."

"வேண்டாம், அண்ணாச்சி."

"கொஞ்ச நேரம்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

இப்போது பயம் போய்விட்டதால் அவரால் நன்றாகக் கேட்க முடிந்தது. அடியில் அவருடைய பழைய குரல், கூடத் தங்கியிருந்தவன் வெந்நீரில் காலை விட்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் அவள் மூச்சு. இழுக்கிறாள். பாதியில் மாட்டிக்கொள்கிறது. ஒரு சின்ன விசில் சத்தம் வருகிறது. துணியை வாயில் வைத்து அமுக்கிய இருமல் ஒன்று. மறுபடி இழுக்கிறாள். அவர் சிரிக்கிறார். அவளுக்கு மூச்சு கிடைக்கவில்லை. அவர் "ம்" என்கிறார்.

அந்தக் கேசட் அவருக்கு மனப்பாடம். ஆடு குட்டி போட்டதைச் சொல்லி முடித்த பிறகு, 'நான் நல்லா இருக்கேன், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க' என்று வரும். அந்த இடத்துக்காகவே மஸ்கட்டில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார். இப்போது அந்த இடம் வந்தது. வார்த்தை இல்லை. வார்த்தைக்கு முன்னால் அவள் மூச்சுக்காகப் போராடிய நேரம் மட்டும் இருந்தது. அது நீளமாக இருந்தது.

அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது மெஷின் உண்டாக்கின சத்தமா, டீச்சர்?"

"இல்ல. கேசட்ல இருக்கு."

"அவ போறதுக்கு முந்தின வருஷம் வந்த கேசட் இது."

மரியபுஷ்பம் அவர் உட்கார நாற்காலியை நகர்த்தினாள்.

"மஸ்கட்ல நான் போட்டுக் கேட்டப்பவும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்போ நான் எந்த எண்ணும் வைக்கலயே. முழுக் கேசட்டையும்லா கேட்டேன்."

கீழே மிக்ஸி ஓடி நின்றது. அதன் பிறகு வந்த அமைதியில், மேசைமேல் கிடந்த ஹெட்போன் சொன்னது.

"ம்."

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"எனக்குக் கேக்கலயே டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "எத்தனை தடவ போட்டேன். ஒரு தடவகூடக் கேக்கலயே. அவளாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

மரியபுஷ்பம் ஹெட்போனின் வயரை மெதுவாகப் பிடுங்கினாள்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க, அண்ணாச்சி."