ஆட்டைச் சிறை வைத்த காடு

அந்தக் காலத்தில் ஆடுகளுக்குப் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சேதான் ஒருநாள் வினையாகவும் வந்து சேர்ந்தது.

வானம் பொய்த்த வருஷம். கண்மாய் வெடித்துக் கிடந்தது. செவத்தி தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தாள். போன இடமெல்லாம் தடியோடு மறித்தார்கள். பச்சை என்று மிஞ்சியிருந்தது சடையாண்டியின் கம்பங்காடு ஒன்றுதான். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்த பயிர் அது. செவத்தி அசந்து கண்ணை மூடிய நேரத்தில் ஆடுகள் உள்ளே இறங்கிவிட்டன. பசி வந்தால் மனுஷனுக்கே பத்தும் பறந்துபோகும், ஆட்டைச் சொல்ல என்ன இருக்கிறது?

சடையாண்டி அரிவாளோடு ஓடிவந்தான்.

"எவன் ஆடு எங்காட்டுல மேஞ்சது?"

"நாங்க மேயலையே," என்றது முன்னால் நின்ற கொம்பி ஆடு. அதன் வாயோரத்தில் கம்பந்தோகை தொங்கிக்கொண்டிருந்தது.

மேய்ந்ததைக்கூட அவன் பொறுத்திருப்பான். அந்தப் பொய்யைப் பொறுக்க முடியவில்லை. ஆடுகளைப் பக்கத்திலிருந்த தன் தரிசுக்குள் வளைத்து, சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தான். வாசலே விடவில்லை.

"அண்ணே, ஒரு ஆடு நெறசினையா நிக்குது. தண்ணியில்லாம செத்துப்போகும்ணே," என்று செவத்தி கும்பிட்டாள்.

"எம்பிள்ளைக வயித்துல அடிச்சிட்டு எங்கிட்டயே நியாயமா? கெடக்கட்டும்!"

செவத்திக்கு அவனைத் திட்டவும் வாய் வரவில்லை, அவன் வீட்டிலும் பசிதானே. தன் ஆட்களைக் கூட்டி வந்தால் வெட்டுக்குத்தில் முடியும். சும்மா இருந்தால் ஆடு சாகும். அவள் முள்ளை மிதித்துக்கொண்டு உள்ளே இறங்கி, ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"அடைச்சா என்னையும் சேர்த்தே அடை."

மறுநாள் உச்சிவெயிலில் அந்தச் சினையாடு குட்டி போட முடியாமல் முக்கியது. சடையாண்டியின் மனைவி குருவம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கிணற்றடியில் சேறும் நீருமாக மொண்டதையும், வீட்டிலிருந்த கூழையும் தூக்கி வந்தாள்.

"நம்ம காட்டுக்குள்ள ஒருத்தி பட்டினி கெடந்தா காடு வெளங்குமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

அவன் முள்ளை விலக்கி வாசல் விட்டான். குட்டி பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை. அதைப் பார்த்து நின்ற கொம்பி அதற்கப்புறம் பேசவே இல்லை, மற்ற ஆடுகளும் பேச்சை விட்டுவிட்டன.

ஐப்பசியில் ஒருவழியாக மழை இறங்கியது. சடையாண்டி தரிசையும் சேர்த்து விதைத்தான்; ஆடுகள் அடைபட்டுப் புழுக்கை போட்டுக் கிடந்த அந்த இடத்தில் மட்டும் கம்பு ஆளுயரம் நின்றது. அறுப்பு முடிந்ததும் சடையாண்டி செவத்தியைத் தேடிக் கிளம்பினான். அவன் வருவதைக் கண்டதுமே அவள் ஆடுகளை வளைத்து ஓட்டப் பார்த்தாள்.

"இந்த வருஷமும் ஆட்டை அடைக்கணும், தாயி."

"என்னையும் சேர்த்தா?"

"உன்னையும் சேர்த்துத்தான். கூழு எங்க வீட்டுது."

அன்று முதல்தான் அறுத்த காட்டில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போடுவதும், காட்டுக்காரர் வீட்டிலிருந்து கூழ் வருவதும், மேய்ப்பவர் ஆடுகளோடு முள்ளுக்குள்ளேயே படுப்பதும் வழக்கமாயின. வானம் கறுக்காத வருஷங்களில் மட்டும், வேலியில் வாசல் விட்டிருக்கிறதா என்று காட்டுக்காரரும் மேய்ப்பவரும் இன்னும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள்.