இரண்டு நாழிகைத் தூரம்

தேசத்துக்கு ஒரே ஒரு பெருவழியும், அந்தப் பெருவழிக்கு ஒரே ஒரு கோட்டை வாசலும் இருந்த காலம். மாறனூரை ஓர் அரசன் ஆண்டான். அவன் பெயர் நமக்கு வேண்டாம், அவன் போட்ட சட்டம் மட்டும் போதும்.

ஊரைவிட்டுப் புறப்படும் எவரும் வாயிற்காவலனிடம் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கே போகிறாய்? எதற்குப் போகிறாய்? யாரிடம் போகிறாய்? வழியில் காணாமல் போகிறவர்களைத் தேடுவதற்காக அரசன் செய்த ஏற்பாடு அது. தேடினார்களா என்று கேட்காதீர்கள். கேள்வியைத் தவறாமல் கேட்டார்கள்.

அந்த ஊரில் வயிரவன் என்று ஒரு வணிகன் இருந்தான். தாயில்லாப் பிள்ளை. பத்து வயது மூத்த அக்கா உமையாள்தான் அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ஆளாக்கினாள். அவன் தலையெடுத்த பிறகுதான் தன் கல்யாணத்துக்கே சம்மதித்தாள். வாழ்க்கைப்பட்டது நெடுங்குளத்தில். பெருவழியில் ஒரு நாள் நடந்தால், வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கிக் கல் வரும். அங்கிருந்து பிரியும் வண்டித்தடத்தில் இரண்டு நாழிகை நடந்தால் அவள் வீடு.

இருபது வயதில் வயிரவனுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது. படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை, உண்டால் உடம்பில் ஒட்டவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு கோட்டை வாசலுக்கு வந்தான்.

"எங்கே?" என்றான் காவலன்.

"கடலுக்கு! அங்கிருந்து கப்பல் போகிற ஊருக்கெல்லாம்!"

"எதற்கு?"

"பார்க்கத்தான்."

"யாரிடம்?"

"யாரிடமும் இல்லை" என்று சிரித்துக்கொண்டே ஓடினான்.

சுமைதாங்கிக் கல்லருகே நெடுங்குளத்து வண்டிக்காரர் ஒருவர் காத்திருந்தார். "தம்பி, நீங்க வர்றது தெரிஞ்சு உங்க அக்கா சமைச்சு வச்சிருக்காங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"கப்பல் போயிடும் அண்ணே. திரும்பி வர்றப்ப வர்றேன்னு சொல்லுங்க."

கப்பல் கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது. திரும்பி வந்தபோதோ, வண்டிக்குள் படுத்துக் குறட்டை விட்டபடியே அந்தக் கல்லைக் கடந்துவிட்டான்.

நாற்பது வயதில் ஆசை அப்படியேதான் இருந்தது, குணம்தான் மாறியிருந்தது. இப்போது ஓர் ஊரைப் பார்த்தால் மட்டும் போதவில்லை, அந்த ஊர் ஏதாவது தரவும் வேண்டியிருந்தது. கடற்கரையில் நின்றால் அலை கண்ணில் படவில்லை. மிளகு மூட்டை இறக்கத் தோதான துறையா என்றுதான் பார்த்தான்.

"எங்கே?" என்றான் காவலன்.

"விலை கிடைக்கிற ஊருக்கு."

"எதற்கு?" இந்தக் கேள்விக்கு மட்டும் வயிரவன் விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொன்னான். மச்சு வீடு கட்ட, மகளைக் கட்டிக்கொடுக்க, ஊரார் மதிக்க. பின்னால் நின்றவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"யாரிடம்?"

"வாங்குகிறவர்களிடம்."

இந்த முறை கல்லருகே உமையாளே வந்து நின்றாள். அந்த வருஷம்தான் அவள் கணவன் இறந்திருந்தான். துக்கத்துக்கு வயிரவன் ஆள் அனுப்பியிருந்தான், தான் போகவில்லை.

"வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போடா" என்றாள்.

"அக்கா, பத்து வண்டி பின்னால நிக்குது. தை பொறந்ததும் வந்து பத்து நாள் தங்குறேன்."

வண்டிகளுக்கு வழிவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள். தை பிறந்தது. அதற்குப் பிறகும் முப்பது தை பிறந்தது.

அறுபதில் வயிரவனின் பயண ஆசை அடியோடு நின்றுபோனது. மூட்டு வலி. வண்டி மாட்டின் மணிச்சத்தம் கேட்டாலே "போதுமடா சாமி" என்று கதவைச் சாத்தினான். சரி, இனி இல்லை என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

எழுபதில் அது திரும்பி வந்தது. எழுபது வயதுக்காரரை இனி 'அவன்' என்பது அழகில்லை. வயிரவருக்கு மறுபடியும் படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் இந்த முறை ஊர் எதுவும் நினைவுக்கு வரவில்லை. பார்த்த பதினான்கு துறைமுகங்களும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. சிறுவயதில் முள் குத்திய அவர் காலை மடியில் போட்டுக்கொண்டு, "ஆட்டாதடா" என்று அதட்டிய ஒரு முகம்தான் வந்தது.

"எங்கே, ஐயா?" என்றான் காவலன். அவன் புதியவன்.

"பக்கத்தில்தான்."

"எதற்கு?"

எண்ணிச் சொல்ல விரலை நீட்டிய வயிரவர், அதை மடக்கிக்கொண்டார்.

"யாரிடம்?"

"என் அக்காவிடம்" என்றார்.

இந்தத் தூரத்தையாவது நடந்தே போக வேண்டும் என்று கல்லருகே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தார். இரண்டு நாழிகைத் தூரம் அவர் காலுக்கு அரை நாள் ஆயிற்று. வழியெல்லாம் ஒரே பயம். அக்கா இருப்பாளா, போய்விட்டிருப்பாளா?

உமையாள் இருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வாங்க. யாரு நீங்க?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து ஓடிவந்த மகள் மீனாள், வந்தவர் முகத்தில் அம்மாவின் சாடையைக் கண்டாள். "மாமா!" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவுக்கு ரெண்டு வருஷமா யாரையும் அடையாளம் தெரியறதில்ல. என்னையே யார் வீட்டுப் பொண்ணுன்னு கேக்குறாங்க."

வயிரவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நான்தான் வயிரவன்."

உமையாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாயிருக்கே! வயிரவன் சின்னப் பையனாச்சே. நீங்க வயசானவரு." பிறகு விருந்தாளியின் மனம் நோகக் கூடாதே என்று தணிவாகக் கேட்டார். "உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அக்கா இருக்கா."

"அக்காவை வச்சுக்கிட்டா இங்க வந்து உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க. போய் அவளைப் பாருங்க. பாவம், வாசலையே பாத்துக்கிட்டிருப்பா."

வயிரவர் வாய்விட்டு அழுதார். இந்த மனிதர் ஏன் அழுகிறார் என்று தெரியாமல் உமையாள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அதன்பின் வயிரவர் மாறனூருக்குத் திரும்பவில்லை. அக்கா இருந்தவரை அந்த வீட்டிலேயே இருந்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் உமையாள் அவரை யாரென்று விசாரித்து, அக்காவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்தார்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, நாம் பார்க்க நினைக்கும் ஊர்கள் எத்தனை காலமானாலும் அங்கேயே இருக்கும், நம்மைப் பார்க்க நினைக்கும் மனிதர்கள் அப்படி இருக்கமாட்டார்கள், ஆகையால் காலில் வலு இருக்கும்போதே முதலில் அவர்களிடம் போய் வாருங்கள்.