தங்கமாரியப்பன் வீடியோ கேமரா வாங்குன கதை

ஒரு ஊர்ல ஒரு தங்கமாரியப்பன் இருந்தான். ராஜா இல்லையான்னு கேக்காத குட்டி. ராஜாவா இருந்தா கடைக்குப் போயி "அதை எடு"ன்னு சொல்லியிருப்பான், கதை அங்கயே முடிஞ்சிருக்கும், நீயும் இந்நேரம் குறட்டை விட்டிருப்ப. இவன் விருதுநகர்ல ஒரு பருப்பு மில்லுல மேனேஜரு. எதை வாங்குனாலும் அலசி ஆராய்ஞ்சு, பத்துப் பேரைக் கேட்டு, அப்புறமும் வாங்காம வீட்டுக்கு வர்ற மகாபுத்திசாலி.

ம் சொல்லு. ஆங்.

வாங்கிட்டாலோ, அதைவிட மோசம். எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் உறை. டிவி ரிமோட்டுக்கு ஒரு உறை, அந்த உறை அழுக்காயிருமேன்னு அதுக்கு மேல இன்னொரு உறை. சோபாவுல உக்காந்தா சர்ர்ருன்னு வழுக்கித் தரைக்கு வந்துரலாம். ஏன்னா கடைக்காரன் சுத்திக் குடுத்த பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கலை. பிரிச்சா பழசாயிருமாம்! அவன் பொண்டாட்டி சுகந்தி, கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து புது சோபாவுலதான் வழுக்கிக்கிட்டு இருக்கா.

அந்த சுகந்திக்கு அம்மா இல்ல. காலேஜ் படிக்கும்போதே அம்மா போயிட்டா. சுவத்துல ஒரு போட்டோ இருக்கு, அதுல அம்மா பேசாம நிக்கிறா. அம்மா எப்படிக் கூப்பிடுவான்னு சுகந்தி யோசிச்சுப் பாப்பா. முகம் வரும், குரல் வராது. அது அவளுக்குப் பெரிய வேதனை.

அப்புறம் அவளுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு, தர்ஷினின்னு பேரு. தர்ஷினிக்கு ரெண்டு வயசாச்சு, பேச ஆரம்பிச்சுது. என்ன பேச்சு! தோசையைத் "தோத்தை"ன்னு சொல்லும். ரயிலை "யயிலு"ன்னு சொல்லும். ஒரு துணிக் குரங்கு பொம்மை வச்சிருந்துச்சு, அதை இடுக்கிக்கிட்டு "உயங்கு, உயங்கு"ன்னு வீடு பூரா தத்தக்கா புத்தக்கான்னு ஓடும். சுகந்திக்கு அதைக் கேக்கக் கேக்க ஆசை. கூடவே ஒரு பயம், இதெல்லாம் கொஞ்ச நாள்ல போயிருமேன்னு.

அப்போ அவ புருஷன்கிட்ட கேட்டா. "ஏங்க, சின்னதா ஒரு வீடியோ கேமரா வாங்கலாமாங்க? பிள்ளை பேசுறதைப் பதிஞ்சு வச்சுக்கலாம். லீவுக்குக் குத்தாலம் போறோம்ல, அங்கயும் எடுக்கலாம். விலை கம்மியா இருந்தாப் போதும்."

"வாங்கிரலாம்!"னான் தங்கமாரியப்பன்.

பாத்தியா, எவ்வளவு நல்ல மனுசன்! அந்த 'வாங்கிரலாம்'ல எத்தனை மாசம் ஒளிஞ்சிருந்துச்சுன்னு சுகந்திக்கு அப்போ தெரியலை.

ம்? தூங்கிட்டியா? சரி.

முதல்ல மதுரையில ஒரு பெரிய கடைக்குப் போனாங்க. கண்ணாடிக் கதவு, உள்ளே குளுகுளுன்னு ஏசி. டை கட்டுன ஒரு பையன் ஓடி வந்தான். "சார், இது எண்ணூறு மடங்கு ஜூம் சார். நிலாவுல கெடக்குற கல்லுகூடத் தெரியும் சார்."

தங்கமாரியப்பன் வாயைப் பொளந்துட்டான். விருதுநகர்ல இருக்கிறவனுக்கு நிலாவுல கல்லு எடுக்குற வேலை நிறைய இருக்குல்ல! கேமராவை வாங்கி ஜூம் பண்ணிப் பாத்தான். எதிர்ல நின்ன ஒரு அம்மாவோட மூக்குத்தி கடையில இருந்த டிவியில கட்டம் கட்டமா, மொசைக் தரை மாதிரி வந்து நின்னுச்சு.

"தம்பி, குரல் நல்லாப் பதியுமா?"ன்னு கேட்டா சுகந்தி.

"மேடம், எண்ணூறு மடங்கு ஜூம் மேடம்"னான் பையன்.

தங்கமாரியப்பன் மண்டையை மண்டையை ஆட்டுனான். அப்புறம் "யோசிச்சுட்டு வர்றோம்"னு சொல்லிட்டு வெளிய வந்துட்டான். யோசிச்சான், யோசிச்சான், காலண்டர்ல தாள் விழுற வரைக்கும் யோசிச்சான். ஒருநாள் காலையில தர்ஷினி தட்டை நீட்டி, "அம்மா, தோசை"ன்னு சொல்லுச்சு. தெளிவாச் சொல்லுச்சு. தங்கமாரியப்பன் "ஆகா, பிள்ளை தேறிருச்சு!"ன்னு கை தட்டுனான். சுகந்தி தோசையைத் திருப்பிப் போடாமலேயே நின்னா. ஒண்ணு போச்சு.

அப்புறம் தங்கமாரியப்பனோட தங்கச்சி புருஷன் சிங்கப்பூர்ல இருந்து போன் பண்ணுனான். அவன் அங்க ஏதோ ஒரு சரக்குக் கிட்டங்கியில கணக்குப் பாக்குறவன். ஆனா சிங்கப்பூரே அவன் கையில இருக்குறாப்புலதான் பேச்சு.

"மச்சான், அங்க வாங்கித் தொலைச்சிராதீங்க. எல்லாம் போலி. இங்க பாதி விலை. நான் லீவுக்கு வரும்போது கொண்டாரேன்"னான்.

அவ்வளவுதான். தங்கமாரியப்பன் தெருவுல நடக்கும்போதே நெஞ்சு நிமிந்துருச்சு. "எங்க மாப்ள சிங்கப்பூர்ல இருந்து கொண்டாராரு"ன்னு பால்காரர் வரைக்கும் சொல்லிட்டான். காத்திருந்தாங்க, காத்திருந்தாங்க. அப்போ ஒருநாள் சாயங்காலம் தர்ஷினி மாடியில நின்னு கைய நீட்டி, "அம்மா, ரயிலு போகுது!"ன்னு கத்துச்சு. ரெண்டாவதும் போச்சு.

மாப்ள வந்தாரு. டபார்னு பெட்டியத் தொறந்தாரு. தலைவலித் தைலம் இருந்துச்சு, சாக்லேட்டு இருந்துச்சு, வாசனை சோப்பு இருந்துச்சு. கேமரா?

"அதான் மச்சான், ஏர்போர்ட்ல டூட்டி, வரி எல்லாம் கேப்பான்ல. அடுத்த தடவை கண்டிப்பா."

சுகந்தி தைலத்தை எடுத்து நெத்தியில தேச்சுக்கிட்டா. கொண்டாந்ததுல அது ஒண்ணுதான் அன்னைக்குத் தேவைப்பட்டுச்சு.

ம் போடு குட்டி. இன்னும் ஒருத்தர்தான்.

மூணாவதா ஊருக்குள்ள கல்யாண வீடியோ எடுக்குற ஸ்டுடியோக்காரர். "இதெல்லாம் விளையாட்டுச் சாமான் அண்ணாச்சி. தோள்ல வச்சு எடுக்குறதுதான் கேமரா. என் பழசைத் தர்றேன், எடுத்துக்கோங்க"ன்னாரு. தங்கமாரியப்பன் அதைத் தூக்கித் தோள்ல வச்சான். 'மளுக்'குன்னு ஒரு சத்தம். கேமராவுல இல்ல, கழுத்துல.

"இதுக்கு லைட்டு பிடிக்க ஒரு ஆளு வேணும் அண்ணாச்சி. அப்புறம் வயரு இழுக்க ஒரு ஆளு"ன்னாரு ஸ்டுடியோக்காரர்.

பிள்ளை தோசை திங்கிறதை எடுக்க மூணு ஆளு! தங்கமாரியப்பன் அதையும் யோசிச்சான் பாரு. கழுத்தைத் திருப்ப முடியாம ஒரு பக்கமாவே பாத்துக்கிட்டு ஒரு வாரம் யோசிச்சான்.

சுகந்திக்கு அப்பத்தான் பொறுமை போச்சு. மிச்சம் இருக்கிறது 'உயங்கு' ஒண்ணுதான். அதுவும் போனா, பிள்ளையோட அந்தக் குரலும் போச்சு. அவ தர்ஷினியை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு விறுவிறுன்னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்குற ஒரு சின்னக் கடைக்குப் போனா.

"அண்ணே, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒத்தைக் கையில பிடிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க"ன்னா. கடைக்காரர் குடுத்தாரு. உள்ளங்கைக்குள்ள அடங்குச்சு. "வீட்டுக்குள்ள டியூப் லைட் வெளிச்சத்துல முகம் தெரியுமா?" தெரிஞ்சுது. "நான் பேசுறேன், பதியுதா பாருங்க." போட்டுக் காமிச்சாரு, பதிஞ்சிருந்துச்சு. வாங்கிட்டு வந்துட்டா. இட்லி வேகுற நேரத்துல வேலை முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்தா, தங்கமாரியப்பனுக்குக் கோவமா வந்துச்சுன்னு நினைக்கிற? இல்லையே! "நான் நினைச்சது இதே மாடல்தான்"னான். பெரிய மனசு. அப்புறம் கேமராவைத் தூக்கிக்கிட்டு எங்க போனான் தெரியுமா? ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை தைக்கிற கடைக்கு. நல்ல தடி பிளாஸ்டிக்குல, நாலு பக்கமும் தையல் போட்டு, கேமராவை உள்ள வச்சுத் தச்சுக் கொண்டாந்துட்டான்.

"லென்ஸ்கிட்ட ஓட்டை போடலையாங்க?"ன்னா சுகந்தி.

"ஓட்டை போட்டாத் தூசி போகும்ல. அதான் தெரியுதே. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கு. நீ தொடாத, நானே எடுக்குறேன்."

மறுநாளே குத்தாலம் கிளம்பிட்டாங்க. சாரல் காலம். அருவி ஹோஓஓன்னு கொட்டுது, ஊரே புகை போட்ட மாதிரி இருக்கு. தங்கமாரியப்பன் கேமராவைத் தூக்கிக்கிட்டு முன்னால போறான். சுகந்தி ஈரத்துணிப் பை ஒரு தோள்ல, சாப்பாட்டுக் கூடை ஒரு கையில, மறு கையில பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு பின்னால போறா.

"படம் மங்கலாத் தெரியுதேங்க"ன்னா.

"சாரல்மா அது. இயற்கை. அதான் அழகு"ன்னான்.

கடைத்தெருவுல, சிப்ஸ் கடைத் தகரக் கூரை மேல ஒரு பெரிய குரங்கு உக்காந்திருந்துச்சு. தர்ஷினி அது வரைக்கும் நிஜக் குரங்கைப் பாத்ததே இல்ல. கண்ணு விரிஞ்சுது, வாய் தொறந்துச்சு, "அம்மா! உய..."

சுகந்திக்கு மூச்சே நின்னுருச்சு. இதுக்குத்தானே இத்தனை நாளு!

"இரு, இரு, இரு!"ன்னு கத்துனான் தங்கமாரியப்பன். "அப்பா படம் எடுக்குறேன்ல! நாலு பேரு பாப்பாங்க. ஒழுங்காச் சொல்லு. குரங்கு. எங்க, சொல்லு, குர...ங்கு."

"உயங்கு"ன்னுச்சு பிள்ளை.

"தப்பு. குரங்கு."

"குயங்கு."

"கிட்ட வந்துட்ட! குரங்கு!"

பிள்ளை அப்பா முகத்தையே பாத்துச்சு. வாயைக் கோணலா வச்சு, நாக்கை மடிச்சு, சொல்லிருச்சு. "குரங்கு."

"சபாஷ்!"ன்னான் தங்கமாரியப்பன். "சிங்கப்பூர் மாப்ளைக்கு அனுப்பணும் இதை!"

சுகந்தி கூடையைக் கீழ வச்சுட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. அவளுக்கு அழுகைதான் வந்துச்சு.

ம்? நீ ஏன் மூக்கை உறிஞ்சுற? கதை இன்னும் இருக்குடி.

அப்போ அந்தக் குரங்கு என்ன செஞ்சுது? அது கேமராவைப் பாக்கலை. அதுக்கு எதுக்குக் கேமரா? பளபளன்னு பிளாஸ்டிக் பையில ஏதோ பொட்டலம் இருக்குன்னு பாத்துச்சு. குத்தாலத்துக் குரங்குக்குப் பிளாஸ்டிக் பைன்னா உள்ள முறுக்கு இருக்குன்னு அர்த்தம். தொம்முன்னு குதிச்சுது, லபக்குன்னு பிடுங்குச்சு, தாவிக் கூரையில ஏறிருச்சு. பல்லால உறையைக் கடிச்சு பர்ர்ர்ருன்னு கிழிச்சுது. யோசிக்கலை. யாரையும் கேக்கலை. தங்கமாரியப்பன் வீட்டுல ஒரு பொருளோட உறை கிழிஞ்சது அதுதான் முதல் தடவை.

"ஐயோ ஐயோ!"ன்னு குதிச்சான் தங்கமாரியப்பன். கைய எடுத்துக் கும்பிட்டான். "ஆஞ்சநேயா, போட்டுராத சாமி! புதுசு சாமி!" ஒரு வாழைப்பழத்தைக் காட்டுனான். குரங்கு ஒரு கையால வாங்கித் தின்னுச்சு, மறு கையில கேமரா. இன்னொரு பழம் குடுத்தான். அதையும் தின்னுச்சு. இவன்கூட எவ்வளவு நேரம் பேரம் பேசலாம்னு அதுக்கும் தெரிஞ்சிருச்சு.

அழுதுக்கிட்டு இருந்த சுகந்திக்கு இதைப் பாத்ததும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. தலை பூரா ஈரம், தோள்ல பை, இடுப்புல பிள்ளை, அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. அவ சிரிக்கிறதைப் பாத்து பிள்ளையும் கெக்கெக்கேன்னு சிரிக்குது. அப்பா சொல்லிக் குடுத்த பாடமெல்லாம் மறந்து போச்சு, கையைத் தட்டி, "அம்மா! உயங்கு! உயங்கு பயம் தின்னுது!"ன்னு கத்துச்சு.

தங்கமாரியப்பன் மூணாவது பழத்தைத் தூக்கிப் போட்டான். குரங்கு அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுது. கேமரா கீழ விழுந்துச்சு. சுகந்தி முந்தானையை விரிச்சு ஏந்திக்கிட்டா.

அப்புறம் வீட்டுக்கு வந்து டிவியில போட்டுப் பாத்தாங்க. தங்கமாரியப்பன் எடுத்தது முதல்ல வந்துச்சு. சாம்பார் ஆவிக்குள்ள நின்னு எடுத்த மாதிரி எல்லாம் வெள்ளையா இருக்கு. சத்தம்? பிளாஸ்டிக்கு கரமுர கரமுர. அதுக்கு மேல இவன் குரலு. இங்க பாரு, சிரி, கைய ஆட்டு, குரங்கு, குரங்கு. சுகந்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

தங்கமாரியப்பன், "சாரல் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னான்.

திடீர்னு பர்ர்ர்ருன்னுச்சு. டிவி பூரா பல்லு. அப்புறம் வானம், அப்புறம் தகரக் கூரை. அப்புறம் கீழ, பளிச்சுன்னு, துடைச்சு வச்ச மாதிரி, கைகூப்பி நிக்கிற தங்கமாரியப்பன். அவனுக்குப் பக்கத்துல வாய்விட்டுச் சிரிக்கிற சுகந்தி. குத்தாலத்துல அவ்வளவு நேரம் எடுத்தானே, அவளை ஒரு தடவைகூட அவன் எடுக்கலை. அவ இடுப்புல பிள்ளை. "அம்மா! உயங்கு! உயங்கு பயம் தின்னுது!"

கணீர்னு கேட்டுச்சு.

சிங்கப்பூர் மாப்ள, நிலாவுல கல்லு காட்டுன பையன், தோள் கேமரா ஸ்டுடியோக்காரர், பருப்பு மில்லு மேனேஜரு, இத்தனை பேரும் எடுக்காததை ஒரு குரங்கு எடுத்துருச்சு. கூலி மூணு வாழைப்பழம். தங்கமாரியப்பன் அந்தப் பிளாஸ்டிக் சோபாவுல வழுக்கி வழுக்கி நேரா உக்காந்தான்.

"சுகந்தி, இன்னொரு தடவை போடும்மா"ன்னான்.

போட்டா. தர்ஷினி அம்மா மடியில இருந்து எறங்கிப் போயி, டிவியைத் தொட்டுப் பாத்துச்சு. அப்புறம் திரும்பி, ரொம்பப் பெரிய மனுசி மாதிரி சொல்லுச்சு.

"அம்மா, அந்தப் பாப்பா தப்பாச் சொல்லுது. அது குரங்கு."

சுகந்தி பிள்ளையை இழுத்து மடியில போட்டுக்கிட்டா. "ஆமாடி தங்கம், அந்தப் பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்லிட்டு, மறுபடியும் மறுபடியும் அதையே போட்டுக் கேட்டா.

அம்புட்டுத்தான் குட்டி. குரங்கு கூரைக்குப் போச்சு, கதை வீட்டுக்கு வந்துருச்சு. கண்ணை மூடு, நீயும் தூங்கு.